பத்துக் கிலோ பெட்டியும் பதினாலு குழியும்

பேராண்டி, ஆட்டப் பெட்டிகளுக்கு விமர்சனம் எழுதற ஆளா ஆயிட்டியாமே. உங்கம்மா சொல்லும்போது குரல்ல கொஞ்சம் கலக்கம் தெரிஞ்சுது. "ஒரகடத்துல வேலை முடிஞ்சு வந்தா மேசைய இழுத்துப் போட்டு அட்டைய அடுக்கறான் மாமா. எதிர்ல ஈ காக்கா இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு 'ச்சே, தோத்துட்டேன்'ங்கறான். யார்கிட்டடா தோத்தேன்னா, பெட்டிகிட்டங்கறான்"னா. நான்தான் தேத்தினேன். எதிர்ல ஆள் இல்லாம தோக்கறது நம்ம வம்சத்துக்குப் புதுசா என்ன? ஜரிகை விலை ஏறும்போதெல்லாம் தறியில குந்தி இவன் தாத்தன் ஆடினது என்ன ஆட்டம்னு நினைச்சேன்னு கேட்டேன். அவ சிரிக்கல.

ஆனா நீ எழுதறதைப் படிச்சு நாலு பேர் காசைச் செலவழிக்கப் போறாங்க. அதனால கிழவன் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்கிக்கோ. பிடிக்கலைன்னா அந்தக் காது வழியா விட்டுடு. அதுவும் உனக்குப் பழக்கம்தான்.

முதல்ல, தனியா ஆடற ஆட்டம் என்னவோ நேத்து ஜெர்மனியில பொறந்ததுன்னு எழுதித் தொலைக்காதே. பரண் மேல கிடக்கற பல்லாங்குழியக் கேளு. பக்கத்துக்கு ஏழா பதினாலு குழி, ரெண்டு பேருக்குன்னு செஞ்சது. ஆள் கிடைக்காத வீட்டுப் பொம்பளைங்க அதுலயே சீதைப்பாண்டின்னு தனியாட்டம் வச்சிருந்தாங்க. அசோகவனத்துல சீதை ஆடினதாம். சுத்தி அரக்கிங்க இருந்தாங்கதான், ஆனா அவங்களோட குந்தி ஆட யாருக்கு மனசு வரும்? ஊருக்கு ஊர் முறை மாறும். உங்க ஆயா ஆடற முறை இது: அடுத்தடுத்து ஏழு குழியில 7, 6, 5, 4, 3, 2, 1ன்னு புளியங்கொட்டை, மொத்தம் 28. ஏழு இருக்கற குழிய வழிச்சு, அடுத்த குழியிலேருந்து ஒண்ணொண்ணா போட்டுக்கினே போ. ஆறு இருந்தது ஏழாயிடும், அஞ்சு ஆறாயிடும், கடைசியில காலியா இருந்த குழியில ஒண்ணு விழும். நிமிர்ந்து பார்த்தா மறுபடி அதே 7, 6, 5, 4, 3, 2, 1. ஒரு குழி தள்ளி நிக்குது, அவ்வளவுதான். இப்படிப் பதினாலு தடவை அள்ளிப் போட்டா பலகையச் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே குந்திக்கும். ஜெயிப்பும் இல்ல, தோப்பும் இல்ல, முடிவும் இல்ல.

இதுக்கு நீ எத்தனை மார்க் போடுவே? "யோசிக்க இடமே இல்லை, பத்துக்கு ரெண்டு"ன்னு எழுதுவே. சிறையில இருக்கறவளுக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு ஆட்டத்தை எந்த ஜெர்மன்காரன் செஞ்சு கொடுப்பான் சொல்லு. கை ஓடணும், மனசு ஓடக் கூடாது, அதுக்குத்தான் அது. யாரு, எந்த நேரத்துல, எதுக்கு ஆடறாங்கன்னு கேக்காம மார்க்கை அள்ளி வீசாதே.

நம்ம திருப்பருத்திக்குன்றத்துல தனியாட்டத்துக்குத் தனி மரியாதையே உண்டு. பெரிய காஞ்சிக்குச் சிவன், சின்ன காஞ்சிக்குப் பெருமாள், இந்த ஜின காஞ்சிக்கு வேகவதிக் கரையில திரைலோக்கியநாதர் கோயில்ல குந்தியிருக்கற வர்த்தமானர். பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஒண்டியா ஆடி ஜெயிச்சவர் அவர். கூட்டாளி கிடையாது, குறிப்பு கிடையாது, "இரு இரு, காயத் திருப்பி வச்சிக்கறேன்"ங்கறதும் கிடையாது. வடக்கே சமணர்கள் ஞான சௌபர்னு ஒரு ஆட்டத்தைத் துணியில எழுதி ஆடினாங்க. 84 கட்டம், வழியில பாம்பு, உச்சியில வீடுபேறு. நம்ம பக்கத்து வைணவங்க வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்ணு முழிக்க ஆடற பரமபதமும் அதே ஜாதி ஆட்டம்தான்.

ஒண்ணு கவனிச்சியா? நாலு பேர் சுத்தி குந்தினாலும் பரமபதம் தனியாட்டம்தான். உன் காயைப் பாம்பு கடிச்சா எனக்கென்ன, நான் ஏணியில ஏறினா உனக்கென்ன? அவனவன் வினை அவனவனுக்குன்னு சொல்ல வந்த ஆட்டத்துக்கு அது சரிதான். ஆனா இப்போ ஆயிரக்கணக்குல விலை வச்சு, "நாலு பேர் சேர்ந்து ஆடலாம்"னு பெட்டி மேல அச்சடிச்சு, தொறந்தா உள்ளே அவனவன் பலகைய அவனவன் குனிஞ்சு பார்த்துக்கினு, ஆட்டம் முடிஞ்சப்பறம் மட்டும் நிமிர்ந்து யாருக்கு எத்தனை புள்ளின்னு கேக்கற சரக்கு எவ்வளவு வருது! அதுக்கு வைகுண்டமும் கிடையாது. அதை நீ எழுதணும்.

தனியாட்டத்துல எனக்குப் பிடிச்சது நீ பொங்கலுக்குக் கொண்டாந்த ஃப்ரைடே. ஃப்ரீடெமன் ஃப்ரீசேங்கற ஜெர்மன்காரர் 2011-ல போட்டது. முடிக்குப் பச்சைச் சாயம் அடிச்சிக்கற மனுஷனாம், ஆட்டத்துக்கெல்லாம் 'எஃப்'லதான் பேர் வைப்பாராம். நம்ம சாயப்பட்டறைப் பக்கம் வந்தா ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்பாங்க. தீவுல ஒதுங்கின ராபின்சன் க்ரூசோ ஒரு உதவாக்கரை. அவனைத் தேத்தி, கடைசியில ரெண்டு கொள்ளைக்கார கப்பலோட மோதவிட்டு ஊருக்கு அனுப்பி வைக்கணும். நீ க்ரூசோ இல்ல, அவனுக்கு மாரடிக்கற ஃப்ரைடே. ஆரம்பத்துல அவன் கட்டுல பாதிக்கு மேல சொத்தைச் சீட்டு. சண்டையில தோத்தா உயிர்ப்புள்ளி போகும், ஆனா அந்தச் சண்டையில தலை காட்டின சொத்தையைக் கட்டுலேருந்தே கழிச்சுடலாம். ஜெயிச்சா? சொத்தை சௌக்கியமா உள்ளேயே தங்கிடும். அதனால விவரம் தெரிஞ்சவன் ஆரம்பத்துல வேணும்னே கொஞ்சம் தோப்பான்.

அதைவிட ஒரு வேலை பண்ணியிருக்கார் பாரு. கட்டு தீர்ந்து மறுபடி கலைக்கும்போதெல்லாம் வயசாகற சீட்டு ஒண்ணு உள்ளே நுழையும். பசி, பயம், முட்டாள்தனம்னு ஒண்ணொண்ணா வரும். உனக்கு அந்த விதியைப் புரிய வைக்கக் கையேட்டுல ஒரு பத்தி தேவைப்பட்டுது. எனக்குத் தேவைப்படல. "அடுத்து என்ன சீட்டு வரும் தாத்தா?"ன்னு கேட்டே. காலையில எந்திரிக்கும்போது முட்டி சொல்லும்டான்னேன். சின்னப் பெட்டி, ஒரு தலகாணி அகலத்துல ஆடி முடிச்சுடலாம், தோத்தா ஏன் தோத்தோம்னு தெரியுது. இதுக்குத் தாராளமா மார்க் போடு.

இன்னொரு வகை இருக்கு. நாலு பேர் ஆட்டத்துக்கு மூணு பேர் வரலைன்னா ஒரு சின்னச் சீட்டுக் கட்டே எதிராளியா வந்து நிக்கும், ஆட்டோமான்னு பேர். எலிசபெத் ஹார்கிரேவ் 2019-ல கொண்டாந்த விங்ஸ்பேன் பறவை ஆட்டத்துல அது உண்டு, தொல்லையும் கம்மி. மத்த சில பெட்டியில அந்தக் காகிதக்காரனுக்கு நீ சீட்டெடுத்து, காய் நகர்த்தி, கணக்கெழுதி, ராவு பதினோரு மணிக்கு அவன்கிட்டயே தோத்துட்டு எந்திரிக்கறே. எதிரிக்குச் சம்பளமில்லாத குமாஸ்தா! எழுதும்போது என் நேரத்துல எனக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவுன்னு ஒரு வரி போடு.

சரி, கூட்டாட்டத்துக்கு வரேன். உங்க விமர்சகக் கூட்டம் மொத்தமா ஏமாறற இடம் இதுதான்.

பாண்டெமிக்கை எடுத்துக்கோ. மாட் லீகாக்குங்கற அமெரிக்கர் பண்ணி 2008-ல வந்தது. உலக வரைபடம், 48 ஊர், நாலு நிறத்துல நோய். காஞ்சிபுரம் இல்ல, ஆனா சென்னை இருக்கு, கறுப்பு நோய் வட்டாரத்துல. அங்கேயிருந்து மும்பைக்குக் கோடு போவுது, டெல்லிக்குப் போவுது, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தான்னு கடல் தாண்டியும் போவுது. நம்ம பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவல. எல்லாரும் அட்லாண்டாவுல கிளம்பணும், ஒரு முறைக்கு நாலு வேலை செய்யலாம், ஒரே நிறச் சீட்டு அஞ்சு சேர்ந்தா ஒரு மருந்து. நாலு மருந்தும் கண்டுபிடிச்சா எல்லாருக்கும் ஜெயிப்பு. நோய் எட்டு தடவை பொங்கி வழிஞ்சாலோ, எடுக்கச் சீட்டு இல்லாம போனாலோ எல்லாருக்கும் தோப்பு. 2020 ஊரடங்குல தறியெல்லாம் நின்னு கிடந்தப்போ அதை எடுத்து விரிச்சே. "தெருவுலயும் அதேதான், வீட்டுக்குள்ளயும் அதேவாடா?"ன்னு உங்க ஆயா கேட்டா. கேட்டுக்கினே வந்து குந்தினா.

நாலு பேர் ஆடினோம்னு நீ எழுதியிருக்கே. யார் ஆடினா? "தாத்தா, நீங்க டெல்லிக்குப் போங்க. ஆயா, அந்தச் சிவப்புச் சீட்டை அப்பாவுக்குக் கொடுங்க. அப்பா, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க." உங்கப்பன் பொறந்ததிலேருந்து எந்த உத்தரவுக்கும் அவ்வளவு சந்தோஷமா கீழ்ப்படிஞ்சதில்ல. உலகம் பொழைச்சுது. எல்லாரும் ஜெயிச்சுட்டோம்னு நீ கைதட்டினே. நான் டெல்லிக்குப் போய்ட்டு வந்த களைப்புல தூங்கிட்டிருந்தேன்.

இந்த நாட்டாமைத்தனம்தான் கூட்டாட்டத்துக்குப் பிடிச்ச வியாதி. எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சு கிடந்தா, இருக்கறதுலயே கெட்டிக்காரன் மூளை ஒண்ணே போதும். மத்தவங்க காய் நகர்த்தற கூலிக்காரங்க. நம்ம ஆடுபுலியிலும் இது உண்டு. மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஆட்டுப் பக்கம் ஒருத்தன் குந்துவான், பின்னாடி பாதித் தெரு நின்னு யோசனை சொல்லும். ஆடு வெட்டுப்பட்டதும் யோசனை சொன்னவன் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தேடிப் போயிடுவான். ஆனா அங்கே திட்டினா திருப்பித் திட்டலாம். உன் மேசையில "நாம எல்லாரும் ஒரே அணி"ன்னு சொல்லி வாயை அடைச்சுடறே.

கூட்டுன்னா என்னன்னு நான் கோர்வைப் புடவையில கத்துக்கினேன். உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், மூணு நாடா ஓடணும். தறியில நான் குந்தினா, கரை நாடாவைத் தள்ளப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். என் கை அந்தக் கோடிக்கு எட்டாது, அவன் கால் என் மிதிக்கு எட்டாது. நான் எவ்வளவு பெரிய கைகாரனா இருந்தாலும் அவன் ஒரு நிமிஷம் கண்ணசந்தா உடலும் கரையும் கோர்க்காது. அவனை அதட்டலாம், கெஞ்சலாம், டீ வாங்கிக் கொடுக்கலாம். அவன் வேலைய நான் செய்ய முடியாது. கூட்டாட்டம்னு எவனாவது பெட்டியக் கொடுத்தா நீ முதல்ல பார்க்க வேண்டியது இதுதான்: மேசையில வாயில்லாத பூச்சி யாரோ, அந்த ஆள் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒண்ணாவது அதுல இருக்கா?

ஹனாபியில இருக்கு. வாணவேடிக்கை விடற ஆட்டம். சிவகாசிக்காரன் யோசிச்சிருக்கணும், அந்துவான் பௌசாங்கற பிரெஞ்சுக்காரர் 2010-லயே முந்திக்கினார். 2013-ல ஜெர்மனியில அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டம்னு பரிசும் கொடுத்தாங்க. அம்பது சீட்டு, அஞ்சு நிறம், நிறத்துக்கு நிறம் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் வரிசையா அடுக்கணும். கூத்து என்னன்னா, சீட்டைத் திருப்பிப் பிடிக்கணும். உன் கையில இருக்கறது உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். (குடும்பத்துல எப்பவும் அப்படித்தான், இதுக்கு ஒரு ஆட்டம் வேற.) குறிப்பு சொல்ல எட்டு வில்லை. ஒரு குறிப்புக்கு ஒரு நிறமோ ஒரு எண்ணோ சொல்லலாம். "இந்த ரெண்டும் நீலம்." அதோட வாய மூடிக்கணும். மூணு தப்பு பண்ணினா வேடிக்கை வெடிச்சுப் போச்சு. எல்லாம் கூடி வந்தா 25 புள்ளி.

உங்க ஆயாவுக்கு இதுல ஈடே இல்ல. நான் முதல் கவளம் வாயில வைக்கும்போதே குழம்புல உப்பு கம்மியா கூடவான்னு முகத்தைப் பார்த்துச் சொல்றவ. அவ "இது நீலம்"னா, ஏன் இப்போ சொன்னா, பக்கத்துல இருக்கற அஞ்சைப் பத்தி ஏன் சொல்லலன்னு யோசிக்கணும். நீ வழக்கம்போல நாட்டாமை பண்ண வாயைத் தொறந்தே. "உன் கையில இருக்கறதே உனக்குத் தெரியாது, ஊருக்கு உபதேசமா?"ன்னா. அன்னிக்கு அந்த வீட்டுல நாலு பேரும் ஆடினோம்.

குறையையும் எழுது. "இது நீ...லம்"னு ராகம் போட்டு இழுத்தா அது ரெண்டாவது குறிப்பு. புருவத்தைத் தூக்கினா மூணாவது. ஒழுங்கை ஆடறவங்க மனசாட்சிகிட்ட விட்டுட்டார் பௌசா, நம்ம வீட்டுல அது கொஞ்சம் ஆபத்து. அந்த நீலம் நம்ம எம்.எஸ். ப்ளூ பட்டுக்குக் கிட்டயே வராதுன்னு உங்க ஆயா இன்னிக்கும் சொல்றா, அதுக்கு பௌசா என்ன பண்ணுவார்.

வொல்ஃப்கேங் வார்ஷ் 2018-ல போட்ட தி மைண்ட் இன்னும் மோசமான ஊமை. ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் சீட்டு, பேசாம சைகை காட்டாம எல்லாரும் சேர்ந்து ஏறுவரிசையில போடணும். இது ஆட்டமா தியானமான்னு உங்க ஆளுங்க அடிச்சிக்கறாங்களாம். விருந்தாளிங்க வந்து, பேச விஷயம் தீர்ந்து, இன்னும் கிளம்பாம இருக்கற நேரத்துக்குன்னு வச்சிக்கோ.

நான் உயிரை விடறது தி க்ரூவுக்குத்தான். தாமஸ் சிங் 2019-ல கொண்டாந்தது, மறு வருஷம் அதுக்கும் ஜெர்மனியில பரிசு. விண்வெளி, ஒம்பதாவது கிரகம்னு ஒரு கதை சொல்றாங்க, அதை ஓரமா வை. உள்ளே இருக்கறது நம்ம முந்நூத்தி நாலு சீட்டாட்டத்தோட பங்காளி: இறங்கின நிறத்தையே போடணும், இல்லைன்னா வேற போடலாம், துருப்பு உண்டு, பிடி எடுக்கணும். முந்நூத்தி நாலுல எதிர்ல குந்தின கூட்டாளிக்குச் சைகை காட்டறது குத்தம். காட்டாத யோக்கியனை நான் பார்த்ததில்ல. ஒரு இருமல், ஒரு காது சொறியல், "என்ன வெயில்"ங்கற ஒரு பேச்சு, எல்லாத்துக்கும் அர்த்தம் உண்டு. சிங் என்ன பண்ணினார்னா, அந்தத் திருட்டுச் சைகைய எடுத்துச் சட்டமாக்கிட்டார். ஒரு ஆட்டத்துக்கு ஒரே தடவை உன் சீட்டு ஒண்ணை வெளியில வச்சு மேல வில்லையை வைக்கலாம். வில்லை உச்சியில இருந்தா என்கிட்ட அந்த நிறத்துல இதுதான் பெரிசு, அடியில இருந்தா இதுதான் சிறிசு, நடுவுல இருந்தா இது ஒண்ணுதான் இருக்கு. இன்னார் இன்ன சீட்டைப் பிடிக்கணும்னு வேலை பிரிச்சுக் கொடுக்குது. ஒருத்தர் தவறினாலும் எல்லாருக்கும் தோப்பு. சுலபத்துலேருந்து கஷ்டத்துக்கு அம்பது படி. எழுத்துப் படிக்கத் தெரியாதவங்களும் நிறமும் எண்ணும் தெரிஞ்சா குந்திக்கலாம்.

இந்தக் கடைசி விஷயத்தை நீங்க யாரும் எழுதறதில்ல. ஸ்பிரிட் ஐலண்டை எடுத்துக்கோ. எரிக் ரூஸ் 2017-ல பண்ணினது, தங்கமான யோசனை. கப்பல்ல வந்து இறங்கறவனா இல்லாம அந்தத் தீவோட தெய்வமா நீ ஆடறே: ஆறு, மின்னல், நிழல், கடல். வந்தவன் நாடு பார்க்கறான், ஊர் கட்டறான், மண்ணைப் பாழாக்கறான், நீ அவனுக்குப் பயம் காட்டித் துரத்தறே. நம்ம எல்லைச் சாமிங்க பங்கு கேக்கலாம். எதிரியா இங்கிலாந்து, ஸ்வீடன், பிராண்டன்பர்க்-பிரஷ்யான்னு மூணு பேர். இங்கிலாந்து புரியுது, ஸ்வீடன்காரன் நமக்கு என்ன பண்ணினான்னு உங்கப்பன் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. நாட்டாமை வியாதிக்கு இதுல வேற வைத்தியம். ஒவ்வொரு தெய்வத்துக்கும் அவ்வளவு சக்தி, அவ்வளவு கணக்கு, தன் தெய்வத்தையே கட்டி மேய்க்க முடியாதவன் அடுத்தவனுக்கு எங்கேயிருந்து உத்தரவு போடறது! ஆனா சீட்டு பூராவும் பொடி எழுத்துல இங்கிலீஷ். உங்க ஆயா கையில அது அத்தனையும் ஊமைச் சீட்டு. நீ படிச்சுச் சொல்ல ஆரம்பிச்ச அந்த நிமிஷமே அவ தெய்வமும் உன் தெய்வம் ஆயிடுச்சு. பெட்டி மேல இத்தனை வயசுக்கு மேலன்னு போடறான், அதுக்குப் பக்கத்துல உன் பங்குக்கு இங்கிலீஷ் எவ்வளவு வேணும்னும் போடு.

சென்னையில க்ரீடான்னு 2002லேருந்து பழைய ஆட்டங்களை மறுபடி செஞ்சு விக்கறாங்க. அதுல ஒண்ணு ரெண்டை வாங்கி இந்த வெளிநாட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சு எழுது. பழசுக்குச் சலுகை கொடுக்காதே, தாயம் போட்டாத்தான் காய் இறங்கும்னு அரை மணி நேரம் சும்மா குந்த வைக்கறதும் குறைதான். தரையில விரிக்க முடியுமா, ஃபேன் காத்துக்குச் சீட்டு பறக்குமா, நடுவுல யாராவது கதவைத் தட்டினா ஆட்டத்தை அப்படியே விட்டுட்டுப் போய் வரலாமா, இதையெல்லாம் கேட்டு எழுதறவனைத்தான் நான் விமர்சகன்னு சொல்லுவேன். ஓசியில வந்த பெட்டின்னா ஓசின்னு முதல் வரியிலயே சொல்லிடு. நம்ம காஞ்சியில விருந்து சாப்பிட்டுட்டுப் பந்தியைக் குறை சொன்னவன் உண்டு, ஆனா மொய் வச்சவன் சொன்னா மட்டும்தான் ஜனங்க நின்னு கேப்பாங்க.

அந்தக் குளூம்ஹேவன் பெட்டியை மட்டும் பரண்ல ஏத்தச் சொல்லாதே. பத்துக் கிலோவுக்குப் பக்கம் வருது. கனத்த கல்யாணப் பட்டு ஒரு கிலோ எட்டினாலே கையில வாங்கறவங்க முகம் மாறும். இது ஒரு முகூர்த்தத்துக்கே பாவு ஓட்டின எடை. ஐசக் சில்ட்ரெஸ் 2017-ல கொண்டாந்தது, உள்ளே 95 கட்டமா கதை போவுதாம். உள் உறையைக் கூடப் பிரிக்காம "பிரமாண்டம்"னு எழுதி அனுப்பியிருக்கே. எடையைப் பத்திச் சொன்னேன்னா ஒத்துக்கறேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை தி க்ரூவை எடுத்துக்கினு வா. எதிர்வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டிருக்கேன். முந்நூத்தி நாலுல அவர் இருமாத இருமல் இல்ல. காது சுத்தமா கேக்காது, அந்த ஆட்டத்துக்குக் காது எதுக்கு? வில்லையை மட்டும் அவர் கண்ணுல படற மாதிரி வை. உங்கப்பனையும் இட்டாந்துடு. ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொல்ல இந்தத் தடவை உனக்கு வாய் இருக்காது, பாவம், அவனும் ஒரு நாள் ஏதாவது பண்ணட்டும்.